தோசைக்கு ஒலிவ எண்ணெய்

ஜெபக்கூட்டத்து அக்காமாரே, இதைப் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள்.

எங்கள் வீட்டு உபதேசியாருக்கு நான்கு நாளாக வயிறு இளகவில்லை. நெய்யை நிறுத்திவிட்டு, தினமும் சாப்பாட்டோடு ஒரு கரண்டி ஒலிவ எண்ணெய் சேர்க்கும்படி டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

இன்று காலை பாளையங்கோட்டை மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டேன்.

"காதுல ஊத்தவா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல அண்ணாச்சி, தோசைக்கு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டில் அதைவிட மோசம். மிளகாய்ப்பொடியில் எண்ணெயை ஊற்றியதுமே இவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"ஏட்டி, வேதத்துல ராஜாக்களுக்கு அபிஷேகம் பண்ணுன எண்ணெய மிளகாப்பொடியில குழைச்சுத் திங்கச் சொல்லுதியா?"

"போன ஞாயித்துக்கெழம, எண்ணெயே குறையாத ஏழை வீட்டப் பத்திப் பிரசங்கம் பண்ணுனியளே. அந்த எண்ணெய வச்சு அவுக என்ன செஞ்சாவ? அப்பம் சுட்டுத்தான தின்னாவ?"

மனுஷர் அதற்கப்புறம் தோசைக்கு மட்டுமே வாயைத் திறந்தார். ஏழு தோசை!

ஸ்தோத்திரம், வயிறு வழிக்கு வந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் எண்ணெய் குறையவில்லை. எங்கள் வீட்டில் ஒரே வேளையில் பாதிப் புட்டி காலி.

நாளைக்கு நல்லெண்ணெயைக் கலந்துவிட்டால் கண்டுபிடிப்பாரா? உங்கள் வீட்டுக்காரரிடம் செய்து பார்த்தவர்கள் இதன் அடியிலேயே எழுதி அனுப்புங்கள்.