என் மகளுக்குப் பால் கொடுத்தவள்

முதல் பிரசவத்தின்போது என் அம்மா உயிரோடு இல்லை. அதனால் ஆரணியில் கணவர் வீட்டிலேயே, தறி போட்டிருந்த கூடத்தை ஒட்டிய அறையில் நானும் மகளும் இருந்தோம். எனக்குப் பால் போதவில்லை. இரண்டு நிமிடம் சப்பிவிட்டு வீறிட்டு அழுவாள்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்திருந்தது, உதட்டோரம் பால். மறுநாளும் அதே நேரம், அப்படியே. மாமியார்தான் எனக்குத் தெரியாமல் புட்டிப்பால் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

“நான் எதுக்கும்மா திருட்டுத்தனமா குடுக்கப் போறேன்?” என்றவர் பால்மாவு டப்பாவை எடுத்துக் காட்டினார். பிரிக்கவே இல்லை.

தறியிலிருந்த கணவரிடம், அறைக்குள் யாராவது போனார்களா என்று கேட்டேன்.

“நீதானே பால் குடுத்துகினு இருந்த? ஜன்னல் பக்கமா திரும்பி உக்காந்துகினு. முதுகெல்லாம் ஈரமா இருந்துச்சு. தலைக்கு ஊத்திகினு வந்தியா?”

நான் தலைக்கு ஊற்றி நான்கு நாளாகியிருந்தது.

இதைக் கேட்ட மாமியார், “உங்க அம்மாவா இருக்கும், விடு” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. அம்மா என்றால் முதலில் என்னிடம் வந்திருக்க மாட்டாளா?

தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் எடை பார்த்தார். “நல்லா ஏறிகினு வருதே. தாய்ப்பால்தானே? அப்படியே குடும்மா.” தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து அறையை விட்டு நகரவில்லை. அந்த நேரம் வந்ததும் மகள் ஜன்னலைப் பார்த்து அழுதாள். என் பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் துப்பினாள். மூன்றாம் நாள் அழுகை தேய்ந்து பூனைக்குட்டி முனகுவதுபோல் ஆகிவிட்டது. எனக்கு என்ன வந்ததோ, துணியே இல்லாத வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். படியேறும்போதே அழுகை நின்றது. வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். பயமா, நன்றியா, பொறாமையா, எதுவென்று பிடிபடவில்லை.

இன்னும் பத்து நாள் அப்படி நானே ஏறிப்போனேன். பிறகு ஒருநாள் கீழே வந்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். எடுத்து மார்பில் வைத்தேன். விடாமல் குடித்தாள், தொண்டையில் இறங்கும் சத்தம்கூடக் கேட்டது. அதன்பிறகு யாரும் வரவில்லை.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். என்னை வேறு ஏதோ நாளில் பார்த்ததை அன்று சொல்லியிருப்பேன் என்கிறார் கணவர். இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து நாளும் குழந்தையை யாரை நம்பி விட்டுப் போனேன்?