ஆமைக்கு வெயில் எழுதிக் கொடுத்த டாக்டர்

சோற்றுப் பானையின் அடியை யாராவது கரண்டியால் சுரண்டுகிற சத்தம் கேட்டால், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஒரு கணம் நின்றுவிடுவேன். எங்கள் வீட்டு ஆமை பிளாஸ்டிக் டப்பின் சுவரை நகத்தால் பிராண்டும் சத்தம் அச்சு அசலாக அதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடிக் காற்று கோவில்பட்டித் தெருக்களில் புழுதியை அள்ளி இறைத்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், அந்தச் சத்தம் நின்றுபோனது.

ஆமை என் மகளுடையது. உள்ளங்கை அகலம், பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தை இழுத்துவிட்டது போல ஒரு சிவப்புக் கோடு. மீன்தொட்டிக் கடைகளில் விற்கிற வெளிநாட்டு ஜாதி. பத்தாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கினாள். கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்து விடுதிக்குப் போகும்போது, என் கையைப் பிடித்து, "நீங்க பாத்துக்கிடுவீங்கல்லாப்பா?" என்றாள். நான் தீப்பெட்டி லேபிள் ஆர்டர் பிடிக்கிறவன். சாத்தூர், கழுகுமலை, விளாத்திகுளம் என்று ஸ்கூட்டரிலேயே பாதி ஆயுசு போய்விட்டது. வீட்டில் இருந்தாலும் உட்கார மாட்டேன். "ஒரு எடத்துல நிக்காத மனுசன்கிட்ட ஒரு எடத்தவிட்டு அசையாத ஜீவனக் குடுத்துட்டுப் போறா பாருங்க" என்று என் மனைவி சிரித்தாள். ஆமை புகுந்த வீட்டைப் பற்றிய பழமொழியை அதோடு சேர்த்துக்கொள்ளவும் அவள் மறக்கவில்லை.

நான் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று நம்பினேன். புழுதி அண்டாமல் ஜன்னலைச் சாத்தி, கண்ணாடிக்குப் பக்கத்தில் டப்பை வைத்திருந்தேன். வெளிச்சமும் வரும், உயிரும் வெந்து போகாது. குழாய்த் தண்ணீர் எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. அதனால் டப்புத் தண்ணீரை மாற்றாமல், குறையக் குறைய ஒரு செம்பு ஊற்றிக்கொண்டு வந்தேன். காய்ந்த கூனி இறால் போடுவேன். காலையில் நான் தின்கிற இட்லியில் ஒரு விள்ளல் அதற்கும் உண்டு.

முதலில் சாப்பாட்டை நிறுத்தியது. பிறகு கண்கள் ஊறவைத்த பருப்பு போல வீங்கி மூடிக்கொண்டன. எடுத்துப் பார்த்தேன். ஓட்டின் விளிம்பு என் பெருவிரலுக்கு அமுங்கிக் கொடுத்தது. கல் போல இருக்க வேண்டியது அது. எனக்குக் கண்வலி வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருந்தது. அதை இரண்டு சொட்டு விட்டேன். வீக்கம் குறையவில்லை.

மகள் தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். "அவன காட்டுங்கப்பா." "தூங்குதும்மா" என்பேன். மறுநாளும் தூங்கியது. அதற்கு மறுநாளும்.

ஊரில் கேட்ட இரண்டு இடங்களில் ஆமைக்குப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கண்மாயில் விட்டுவிடச் சொன்னார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் ஒரு நண்பர்தான், "நாகலாபுரத்துக்கு அங்குட்டு ஒரு கால்நடை ஆஸ்பத்திரி இருக்கு. அந்த டாக்டரம்மா கோழியக்கூட மடியில வச்சுப் பாப்பாவ. போய்ப் பாருங்க" என்றார்.

டப்பை ஸ்கூட்டரில் கால்மாட்டில் வைத்து, ஈரத்துணியால் மூடிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பக்கமும் கரிசல், வாய் பிளந்து வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அத்தனை வெயிலிலும் நான் துணி விலகாமல் பார்த்துக்கொண்டு போனேன், ஆமை மேல் ஒரு பொட்டு வெயில்கூடப் படக் கூடாதென்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் ஆடுகள், ஆட்டுக்காரர்கள், ஒரு சினை மாடு. டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அந்தப் பக்கத்து ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பெண்ணே படித்து டாக்டராகி வந்திருக்கிறார் என்று கூட்டத்தில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். என் முறை வந்தது. துணியை விலக்கினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"டாக்டரம்மா, ஆட்டுக்கு மாட்டுக்குக் கம்மல் போட்ட மாதிரி இதுக்கும் போடுவியளா?" என்றார் ஒரு ஆட்டுக்காரர். காதில் குத்தும் மஞ்சள் அட்டையைத்தான் சொல்கிறார்.

"இதுக்குக் காது எங்கனன்னு நீரு காட்டும். போடுதேன்" என்றார் டாக்டர். மரத்தடியே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமைக்கு நான் வைத்தியம் பாத்ததில்ல அண்ணாச்சி."

நான் துணியை எடுத்து மூடப் போனேன்.

"எங்க கெளம்பிட்டீங்க? தெரியாதுன்னுதான சொன்னேன். பாக்க மாட்டேன்னு சொல்லலல்லா. இவங்கள அனுப்பிட்டு வாரேன், உக்காருங்க."

உட்கார்ந்தேன். உட்காரத் தெரியாத நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசி ஆடு போனதும் அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் அமர்ந்தார். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார். "மூணு நாள் இருக்கும்" என்றேன். எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி இருந்தார்.

"சரியாச் சொல்லுங்க அண்ணாச்சி. நாள வச்சுத்தான் மருந்து."

"பன்னெண்டு நாளாச்சும்மா."

என் மகளிடம் சொல்லாத கணக்கை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அதற்காக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. சொட்டு மருந்து விட்டதையும் நானே சொன்னேன். "இனி விடாதீங்க" என்று மட்டும் சொல்லி எழுதிக்கொண்டார்.

பிறகு சென்னையில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கும், கூடப் படித்த டாக்டர் ஒருவரை வீடியோவில் கூப்பிட்டார். ஒரு கையில் போன், ஒரு கையில் ஆமை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை போலக் கேட்டுக் கேட்டு எழுதினார். சத்துக் குறைவாலும் அழுக்குத் தண்ணீராலும் கண் வீங்கியிருக்கிறது, வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாமல் ஓடு மெலிந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்துக் குரல் சொன்னது. ஊசி போடலாம், ஆனால் கூடிப்போனால் அதுவே விஷம், எடை துல்லியமாக வேண்டும் என்றும் சொன்னது.

ஆஸ்பத்திரியில் இருந்தது கன்றுக்குட்டி நிறுக்கிற தராசு. டாக்டர் ஆமையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து பலசரக்குக் கடைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கடைக்காரர் கடலை மிட்டாய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இத நிறுத்துச் சொல்லுங்க."

"எடைக்கு எடை மிட்டாயா தரணும்?" என்றார் கடைக்காரர். என்றாலும் தட்டில் பேப்பர் விரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தங்கம் நிறுப்பவர் போல மூச்சைப் பிடித்து நிறுத்தார். நிறுத்து முடித்ததும் டாக்டரே சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கித் தட்டை இரண்டு தடவை கழுவினார். "ஆமையத் தொட்டா கையக் கழுவாம எதையும் தொடாதீங்க. வயித்துக்காகாத கிருமி அது மேல இருக்குமாம்" என்று என்னையும் கழுவ வைத்தார்.

முன்னங்காலில் சின்னஞ்சிறு ஊசி. ஆட்டை இடுப்பில் இடுக்கிக்கொள்கிற அந்தக் கைகள், ஒரு நெல்லைப் பிடிப்பது போல அந்தக் காலைப் பிடித்திருந்தன. இத்தனை வருடச் சுற்றலில் எத்தனையோ கைகளின் வேலையைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை செய்கிற வேலையில் இத்தனை நிதானத்தை வேறு எந்தக் கையிலும் பார்த்ததில்லை.

"வெயில் பட வைக்கிறதுண்டா?"

"ஜன்னலோரந்தான்மா. கண்ணாடி வழியா நல்லா வரும்."

"கண்ணாடி வழியா வெளிச்சந்தான் வரும். ஓட்டுக்கு வேண்டிய வெயில் வராதாம்."

"தண்ணி எப்ப மாத்துதீங்க?"

நான் குழாயைக் குற்றம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவருக்கும் அதே கரிசல்தானே. வெயிலுக்கு ஒளிவதும் தண்ணீரை மிச்சம் பிடிப்பதும் இந்தப் பூமியில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்த இரண்டையும் வைத்துத்தான் ஒரு உயிரை நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணிய வீணாக்குதோமேன்னு நெனைக்காதீங்க. வீட்டுல முருங்க நிக்கா?"

"நிக்கு."

"அழுக்குத் தண்ணிய முருங்கைக்கு ஊத்துங்க. முருங்கக் கீரையக் கழுவி ஆமைக்குப் போடுங்க. ரெண்டும் பொழைச்சுக்கிடும்."

அவர் கொடுத்த சீட்டில் மருந்துப் பெயர்களுக்கு மேலே முதல் வரியில் இப்படி எழுதியிருந்தது: காலை வெயில், ஒரு மணி நேரம். டப்பில் பாதி நிழல்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீன் ஓடு வைக்கலாம், எங்கே கிடைக்கும் என்று அவர் யோசித்தபோது, சினை மாட்டுக்காரர் இன்னும் போகாமல் நின்றிருந்தார். குளத்தூர்க்காரர், இங்கே மகள் வீட்டு மாட்டைக் கொண்டுவந்திருக்கிறார். "கணவாய் ஓடா? எங்க பக்கத்துக் கடக்கரையில காலுல மிதிபடும். அடுத்த வாரம் கொண்டாந்து டாக்டரம்மாகிட்ட குடுக்கேன்" என்றார். சொன்னபடியே செய்தித்தாளில் சுற்றி ஐந்து ஓடுகள் வந்து சேர்ந்தன. அவர் முகம்கூட இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உசுரோட இருக்குல்லாப்பா?" என்றாள். இருக்கிறது என்றேன். பிறகு மெதுவாக, "நானும் வெயில்ல வச்சதே இல்லப்பா" என்றாள். பொய் சொன்னதற்கு அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று தடவை நாகலாபுரம் பக்கம் போய் வந்தேன். டாக்டர் ஒவ்வொரு முறையும் தெருவைக் கடந்து கடைக்குப் போவார், கடைக்காரர் மூக்குக்கண்ணாடி போடுவார். மூன்றாவது வாரம், முற்றத்து வெயிலில் டப்பை வைத்துவிட்டு உள்ளே போனவன், அடுப்படியில் மனைவி பானையைச் சுரண்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் முற்றத்துக்கு ஓடினோம். கண்கள் இரண்டும் திறந்திருந்தன.

மறு வருடம் டாக்டருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகளையும் ஆமையையும் கூட்டிக்கொண்டு கடைசி நாள் போனேன். வேப்பமரத்தடியில் ஆட்டுக்காரர்கள் நின்றார்கள். யாரோ ஒரு பை கம்பு கொண்டுவந்திருந்தார்கள், யாரோ ஒரு சேவல். டாக்டர் ஆமையை வாங்கி, ஓட்டின் விளிம்பைப் பெருவிரலால் அழுத்தினார். அமுங்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். அப்போதுதான் அவர் முகத்தில், முதன்முதலாக, ஒரு சிரிப்பைப் பார்த்தேன். "நீங்க காப்பாத்தினது" என்று மகள் சொன்னாள். "எனக்கும் இவன்தான் சொல்லிக் குடுத்தான். இப்ப பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் ஆமை வருது" என்றார் டாக்டர்.

தெரியாது என்று சொல்கிற இடத்திலேயே நான் பல காரியங்களைக் கைவிட்டிருக்கிறேன். அவருக்கு அது கதவைச் சாத்துகிற சொல் அல்ல, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சொல் என்பது இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆமையைத் திரும்ப வாங்கி டப்பில் விட்டு, டப்பைத் தரையில் வெயிலில் வைத்துவிட்டு, அதன் மேல் குனிந்து நின்றபடி வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். நிழல் விழாதபடி மகளைக்கூட ஒரு எட்டுத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேன். அதற்குள் டாக்டர் தன் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். கிளம்பியவர், ஒரு காலை ஊன்றி நிறுத்தித் திரும்பினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. அதுக்கு வர்ற வெயில நீங்க மறைக்குதீங்க."