தனிமை என்று என் படத்துக்குப் பெயர் வைத்தார்கள்

அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தபடியே படம் எடுக்கும் குழுவில் இன்று காலைக்கு நானும் பேர் கொடுத்திருந்தேன். தலைப்பு, "கரையோர மனிதர்கள்".

சீக்கிரமே போய்விட்டேன். கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

குழு வந்தது. அதை நடத்தும் பெண் என்னைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னாள்: "அந்த அங்கிளைப் பாருங்க. எடுக்கலாமான்னு கேக்காதீங்க, கேட்டா சிரிச்சிடுவாரு. அவருக்குத் தெரியாம, கேண்டிடா எடுங்க."

எட்டு கேமராக்கள் என் பக்கம் திரும்பின.

"நானும் உங்க குரூப்தாம்மா," என்று எழுந்தேன்.

"ஐயோ, சாரி அங்கிள்! ரெண்டே நிமிஷம் அப்படியே உக்காருங்க. லைட் சூப்பரா இருக்கு!"

உட்கார்ந்தேன். அந்தப் புத்திகெட்ட வேலையையும் நான்தான் செய்தேன்.

மத்தியானம் குழுவின் இணையப் பக்கத்தில் என் படம். கீழே "தனிமை" என்று ஒரே சொல். எடுத்துவிடச் சொன்னேன்.

"இவ்ளோ நல்ல படத்தை யாராவது டெலீட் பண்ணுவாங்களா அங்கிள்?" என்று பதில் வந்தது.

அதற்குள் படத்தைப் பார்த்துவிட்டு கே.ஜி.எஃப். ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள். "அண்ணா, அண்ணிகூட சண்டையா? ஏன் யாருமே இல்லாதவன் மாதிரி உக்காந்திருக்க?"

இருபது வருடமாக இந்த ஏரியைப் படம் எடுக்கிறேன். அதே பக்கத்தில் நான் போட்ட எதுவும் நாலு லைக்கைத் தாண்டியதில்லை. இதற்கு மாலைக்குள் முன்னூறு.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். படம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

என்னை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: டீ குடிக்கும்போது என் முகம் எப்போதும் இப்படித்தானா? ஆறுதல் சொல்பவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளவும்.