நாலரை மணிக் கொட்டாவி

ஊரை எழுப்புவதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள். நிலக்கரி மைன்ஸில் முதல் ஷிஃப்டுக்குப் போகிறவன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் விடியற்காலை நாலரைக்கு எழுந்தாக வேண்டும். எங்கள் பிளாக்கில் பதினோரு பேருக்கு நான்தான் போன் போட்டு எழுப்பிக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும், வார ஆஃப் ஆளுக்கொரு கிழமை. யாருக்கு என்றைக்கு என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்திருப்பேன்.

எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. பண்ருட்டியிலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். முத்தாண்டிக்குப்பத்துக்கு அருகே நாய் குறுக்கே ஓடியது. வண்டி ஓட்டியவன் என் நண்பன், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, எனக்கு முதுகெலும்பு போயிற்று. அப்போது இரண்டு பேருமே மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆட்கள். பிற்பாடு அவன் பெர்மனென்ட் ஆனான், அடுத்த தெருவிலேயே குவார்ட்டர்ஸும் கிடைத்தது. நான் அப்பாவின் குவார்ட்டர்ஸில் முன்னறைக் கட்டிலில் கிடந்தேன்.

முதல் இரண்டு வருஷம் நான் மனுஷனாகவே இல்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவேன். மூத்திரப் பையை மாற்ற வரும் அம்மாவிடம் எரிந்து விழுவேன். அவன் தினமும் வருவான். "நீ ஒழுங்கா ஓட்டியிருந்தா நான் ஏன்டா இப்புடிக் கெடக்கப் போறேன்?" என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொள்வான். மறுநாளும் வந்து நிற்பான்.

ஒருநாள் வந்தவன், "டேய், ஒரு ஒத்தாச பண்றியா?" என்றான். "அலாரம் அடிச்சா கையி தானாப் போயி அமத்திடுது. மூணு தடவ பஸ்ஸ வுட்டுட்டேன். நீதான் நாலு மணிக்கே முழிச்சிகினு கெடக்கிறியே, ஒரு போன் அடிச்சி எழுப்பேன்."

"நான் என்னா ஒம் பொண்டாட்டியா?"

"அவ என்ன வுட மோசமாத் தூங்குவாடா."

மறுநாள் நாலரைக்குப் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டு, "ஆஆ... ஏந்துட்டன்டா" என்றான். "நேரமாச்சி, ஏந்திரு" என்று அதட்டிவிட்டு வைத்தேன். விபத்துக்குப் பிறகு நான் யாரையும் அதட்டி வேலை வாங்கியது அன்றைக்குத்தான். அந்த வாரமே இன்னொருத்தர் வந்து, "எனக்கும் ஒரு போன் போடுப்பா" என்றார். அப்படியே அவனோடு சேர்த்துப் பதினோரு பேர் ஆனார்கள்.

சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம். ஒழுங்காகச் சாப்பிட்டேன், தாடியை மழித்தேன், சாயங்காலம் சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்து உட்கார்ந்தேன். "நான் ஒருநாள் தூங்கிட்டா மைன்ஸே ஓடாதும்மா" என்று பீற்றிக்கொள்வேன். "ஆமாம்டா, பெரிய ஆபீசரு" என்று அம்மா சிரிப்பாள். ஐந்து வருஷம் அப்படிப் போயிற்று.

போன மாதம் அவன் செத்துப்போனான். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வீட்டு வாசலில் வைத்தார்கள். அவன் முகத்தைத் தொட வேண்டும் என்றேன். கூட்டத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அவன் மனைவி வந்து என் கட்டிலோரம் உட்கார்ந்தாள். பேசத் துணை இல்லாமல் வந்திருந்தாள். அவனைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தவள், திடீரென்று லேசாகச் சிரித்தாள்.

"நாலு மணிக்கே குளிச்சிட்டு, காப்பி குடிச்சிட்டு, போன மடியில வச்சிகினு உக்காந்துகினு இருப்பாருண்ணா. ஒங்க போன் வந்தா ஒடனே எடுக்க மாட்டாரு. கொஞ்ச நேரம் அடிக்க வுட்டு, அப்பறம் கொட்டாவி வுடுவாரு. எனக்குச் சிரிப்பு தாங்காது. ஒருதபா ஆஃப் அன்னிக்கு எழுப்பிட்டீங்க. அப்பவும் ஏந்துட்டன்டான்னு சொல்லிட்டு, வூட்ல இருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிடும்னு மத்தியானம் வரைக்கும் வெளியிலயே சுத்திட்டு வந்தாரு."

எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் போனதும் நோட்டில் அவனுக்கு அடுத்து இருந்த எண்ணுக்குப் போட்டேன். "நீங்களும் முழிச்சிகினுதான் இருந்தீங்களா?" என்று கேட்டேன். எடுத்தவர் ஒளிக்கவில்லை. "அவன்தாம்பா எல்லார்கிட்டயும் வந்து சொல்லி வச்சான். தப்பா நெனைக்காத."

அடப்பாவி! செத்தவன் என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னைப் பிச்சைக்காரனாக்கிவிட்டு, பத்து வீட்டில் எனக்காகக் கையேந்தியிருக்கிறான். நோட்டைக் கிழித்து அம்மாவிடம் குப்பையில் போடச் சொன்னேன். ஒரு வாரம் யாருக்கும் போன் போடவில்லை. ஒருத்தன்கூடப் பஸ்ஸை விடவில்லை.

எட்டாம் நாள் விடியற்காலை விழித்துக் கிடந்தேன். மணி நாலரை ஆயிற்று. இனிமேல் யாரிடம் சண்டை போடுவேன்? அவன் எண்ணுக்கு ரிங் போகிற சத்தத்தையாவது கேட்போம் என்று அழுத்தினேன். யாரும் எடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ரிங் போனது. கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"ஆஆ..." என்று ஒரு கொட்டாவி கேட்டது. அவன் மனைவி. அவளுக்கு அவன் மாதிரி நடிக்க வரவில்லை. கொட்டாவி பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "ஏந்துட்டேண்ணா..." என்றாள்.

போனை இறுகப் பிடித்துக்கொண்டு, அவனிடம் தினமும் சொன்னதையே சொன்னேன்.

"நேரமாச்சிம்மா, ஏந்திரு."