நான் எழுதிய முதல் மீன் கட்டுரை

தி.நகரில் நான் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த பதிப்பகத்தை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. வேலை கேட்டுப் போன இடங்களில் வயதைப் பார்த்துவிட்டு, காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். பள்ளி ஆசிரியையான என் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். கட்டுரை எழுதுகிறவர்களையும் எழுதச் சொல்கிறவர்களையும் சேர்த்துவைக்கும் இணையதளங்கள் இருக்கின்றனவாம். "இத்தனை வருஷமா அடுத்தவா எழுதினதையே திருத்திண்டு இருந்தேள். நீங்களே எழுதிப் பாருங்கோளேன்" என்றாள்.

அப்படி ஒரு தளத்தில் பதிவு செய்தேன். என்னென்ன எழுத வரும் என்று கேட்ட பட்டியலில் 'உணவு' என்பதற்கும் டிக் போட்டேன். மனதில் இருந்தது வத்தக்குழம்பும் அவியலும். பிறகு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பினேன். என் பெயருக்குக் கீழே 'முடித்த வேலைகள்: 0' என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு யாரும் வேலை தரவில்லை. வேலை தந்தால்தானே முடிக்க முடியும்? மூன்றாவது வாரம் ஒரு பதில் வந்தது. வீட்டுக்கே மீன் கொண்டுபோய்க் கொடுக்கும் புதுக் கடை ஒன்று தமிழில் கட்டுரை கேட்டது. தலைப்பு: நல்ல மீனைப் பார்த்து வாங்குவது எப்படி.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இணையத்தில் ஏழெட்டுக் கட்டுரைகளைப் படித்து, பிழையே இல்லாத தமிழில் ஒன்று எழுதி அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. கடைக்காரர் இரண்டே வரி எழுதியிருந்தார்: "தமிழ் நன்றாக இருக்கிறது. இதை எழுதியவர் மீனைத் தொட்டதே இல்லை."

அது உண்மை என்பதால்தான் எனக்கு ரொம்பவே சுருக்கென்றது.

அடுத்த நாள் காலை நொச்சிக்குப்பத்துக்கு நடந்தேன். சாலையோரம் வரிசையாக மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். என் வயதிருக்கும் ஒரு பெண்ணின் கடை முன்னால் தயங்கி நின்றேன்.

"இன்னா சார், வாங்குறியா, சும்மா பாத்துக்கினு நிக்கிறியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, "இந்த சார் மீனே துன்ன மாட்டாராம், மீனப் பத்தி எழுதப் போறாராம்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னை விடவில்லை. ஒரு வஞ்சிரத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் நினைத்ததைவிடக் கனமாகவும் சில்லென்றும் இருந்தது.

"செவுளத் தூக்கிப் பாரு. செவப்பா கீதா? அப்ப நல்ல மீனு. வெரலால அமுக்கு. குழி வுழுந்து அப்டியே நின்னா வாங்காத."

அமுக்கினேன். குழி விழவில்லை.

"மோந்து பாரு."

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். கடல் வாசனைதான் வந்தது. கண்ணைத் திறந்தால், கடற்கரையில் நடந்துவிட்டுத் திரும்பும் எங்கள் தெரு மாமா எதிரில் நின்றுகொண்டிருந்தார். என்னையும் வஞ்சிரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வேகமாகப் போய்விட்டார்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி வாசலிலேயே மறித்தாள். "மீனும் கையுமா நின்னேளாமே?"

"எழுதறதுக்காகப் போனேன்."

"மொதல்ல குளிச்சுட்டு வாங்கோ."

குளித்துவிட்டு வந்து, நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். அவள் பின்னால் நின்று படித்தாள். 'மீனின் தசை உறுதியாக இருத்தல் வேண்டும்' என்ற வரியில் விரலை வைத்தாள். "அந்த அம்மா இப்படியா சொன்னா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ அவ சொன்ன மாதிரியே எழுதுங்கோ."

மீன்காரி சொன்ன மாதிரியே எழுதினேன். செவுள், விரல், குழி, கடல் வாசனை எல்லாம் அதில் வந்தன. அன்று சாயங்காலமே கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். ஐந்து நட்சத்திரமும் கொடுத்து, "முதலில் தவறாக நினைத்துவிட்டேன். பரம்பரையாக மீன் சாப்பிடும் குடும்பம் போலிருக்கிறது" என்று எழுதியிருந்தார். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மனசு கேட்காமல், நான் சைவம் என்று பதில் போட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. "பரவாயில்லை. அடுத்தது நண்டு."

நண்டுக்குப் பிறகு இறால், கணவாய். அந்தக் கட்டுரைகளைப் பார்த்துவிட்டு வேறு ஆட்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். மெத்தை, தண்ணீர்த் தொட்டி, நாய்க்குட்டி வளர்ப்பு என்று எதையும் விடவில்லை. இந்த வாரம் கிடைத்திருப்பது மோட்டார் சைக்கிள் செயினைப் பராமரிக்கும் முறை. எனக்கு சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். அடையாறில் ஒரு மெக்கானிக்கிடம் பேசியிருக்கிறேன். பழைய சட்டை போட்டுக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.