சவுந்தரநாயகம் மாஸ்ரரின் மாதிரிப் பிழைகள்

“எழுதுங்கோ. ‘அன்று நான் பொறுமை இழந்தேன்.’ அடுத்த வரி, ‘பிறகு வருந்தினேன்.’ வருந்தாட்டி மார்க்ஸ் இல்லை.”

சவுந்தரநாயகம் மாஸ்ரர் பலகையில் ‘வருந்தினேன்’ என்பதன் கீழ் இரண்டு கோடு இழுக்கிறார். இரண்டு கோடு என்றால் சோதனையில் கட்டாயம் வரும் என்று அர்த்தம். வெள்ளவத்தையில் இரசாயனவியல் படிப்பித்த காலத்துப் பழக்கம்.

இப்போது அவரிடம் வருவது கம்பஸ் பிள்ளைகள். படிப்பில் எங்கே பிழை விட்டோம், அதனால் தம்மைப் பற்றி என்ன அறிந்தோம் என்று அவர்கள் கம்பஸ் விரிவுரையாளருக்கு வாராவாரம் எழுதிக் கொடுக்கவேண்டும். எங்கள் பல்கனிக்கு எதிரேதான் வகுப்பு. யன்னல் திறந்தே இருக்கும். தன்னைத் தானே அறிவதற்கும் ரியூசனா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “பின்ன? பாவம், பிள்ளையளுக்குத் தாங்களா யோசிக்க நேரம் எங்க கிடக்கு?” என்றார், உண்மையான இரக்கத்தோடு.

மனிதர் சோம்பேறி அல்ல. பிழைகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார். முதலாம் வருடத்துக்கு நேரம் பிந்துதல். அடுத்த வருடத்துக்குக் குழுவேலையில் அடம்பிடித்தல். ஒரு பிள்ளை அவசரப்பட்டுத் தன்னம்பிக்கைக் குறைவைக் கேட்டபோது, “அது பெரிய பிழை, பைனல் இயருக்கு வைச்சிருங்கோ” என்று தடுத்துவிட்டார்.

போன மாதம் வந்தது வினை. வகுப்பு முழுவதும் ஒரே பாமன்கடைச் சந்தியில் பஸ்ஸைத் தவறவிட்டு அழுததாக எழுதிக் கொடுத்துவிட்டது. விரிவுரையாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சொந்தப் பிழை ஒன்றை வாயால் சொல்லாவிட்டால் பாடம் பெயில்.

முதலில் போனவள் சிவானி. பாடமாக்கியது பயத்தில் மறந்துபோக, “இந்த ரியூசனுக்குப் போனதுதான் சேர் என்ர பிழை” என்று சொல்லி அழுதிருக்கிறாள். நல்ல புள்ளியோடு பாஸ்.

அன்று பின்னேரம் வகுப்பில் ஒருவரும் கொப்பி திறக்கவில்லை. கடைசியில் ஹரிசன் எழுந்தான். “சேர், குறை நினையாதேங்கோ. நாளைக்கு எங்கட முறை. சிவானி சொன்னதையே கொஞ்சம் வடிவா எழுதித் தருவீங்களோ?”

மாஸ்ரரின் முகம் கறுத்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பார்க்கப் பாவமாக இருந்தது. எழும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையை அழித்தார்.

“எழுதுங்கோ. ‘சவுந்தரநாயகம் மாஸ்ரரிடம் போனது நான் விட்ட பிழை.’ அடுத்த வரி, ‘பிறகு வருந்தினேன்.’”

சோக்கை எடுத்து அதைப் பலகையில் எழுதி, தன் பெயரின் கீழ் இரண்டு கோடு இழுத்தார்.