கல்லுக்கு அந்தாண்ட

பதுங்குகுழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கன்னம் தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார் மாணிக்கவாசகம். சாய்வாகப் பார்த்தால்தான் கொசுப்புழு துள்ளுவது தெரியுமாம். பிறகு விரலை நனைத்து முகர்வார். "கேங்கு ஆளுங்க ஒழுங்கா வேலை செய்றானுங்க" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுவார்.

கேங்கு ஆட்கள் என்று அவர் சொன்னது குழியில் விட்ட மீன் குஞ்சுகளை. "சம்பளம் கேக்க மாட்டானுங்க ஐயா. சயாமுக்கும் போக மாட்டானுங்க."

வெள்ளைக்காரன் காலத்தில் அவர் நகரசபையின் கொசு கேங்கில் சேர்ந்தவர். முதுகில் எண்ணெய் டப்பா, கையில் குழாய். சாலையோரச் சாக்கடைகளில், லோங்காங் என்போம், ஒன்று விடாமல் எண்ணெய் அடித்துக்கொண்டு போக வேண்டும். தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்தால் புழு மூச்சுமுட்டிச் சாகும். ஜப்பான்காரன் வந்து சில மாதங்களில் எண்ணெய் தீர்ந்தது. வீட்டுக்கு வீடு பதுங்குகுழி வெட்டு என்று உத்தரவு மட்டும் அதற்கு முன்பே வந்திருந்தது. மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பகுதியில் ஒரு குண்டும் விழவில்லை, மழைதான் விழுந்தது. நிறைந்த குழிகளிலிருந்து காய்ச்சல் கிளம்பி வீடு வீடாக ஏறி இறங்கியது. குழியை மூடினால் கன்னத்தில் அறை விழும். காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையோ கண்ணில் பார்க்கவும் கிடைக்காது.

நான் அதே நகரசபை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. சுவர்க் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். எந்த ஊர் நேரமானால் என்ன, முடிகிற மணி அடித்ததும் பேனாவை மூடிவிடுவேன். கூலியாகக் கொடுத்த அரிசியில் பாதி சுண்ணாம்பு. அந்த அரிசிக்கு அதற்குமேல் உழைப்பவனைப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன்.

கேங்கை மேய்க்கிற மண்டோர் சேதுராமனுக்கும் அதே எண்ணம். "எண்ணெய் இல்லாதப்ப நீ ஏன்யா அலையற? காலி டப்பாவ மாட்டிக்கிட்டு ரோட்டுல நடந்து காட்டு, போதும். புக்கிட் ரம்பாய் பக்கம் மட்டும் போவாத. லோரி நிக்குது" என்பார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லோரி அது. ஏற்றிப்போன ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை.

மாணிக்கவாசகம் தலையை ஆட்டிவிட்டு புக்கிட் ரம்பாய்க்குத்தான் நடப்பார். அந்தப் பக்கத்து வயலில்தான் மீன் குஞ்சு கிடைத்தது. பழைய வேட்டித் துண்டால் அரித்துப் பிடிப்பார். முதல் தடவை அவற்றை எண்ணெய் டப்பாவிலேயே கொண்டுவந்தார். மூன்று நாள் சாம்பல் போட்டுத் தேய்த்த டப்பாதான், ஆனால் பதினைந்து வருஷத்து எண்ணெய் அத்தனை சுலபத்தில் போகுமா? எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. அதன்பிறகு மீனுக்கு பிஸ்கெட் டின். காலி டப்பா முதுகிலேயே இருந்தது. காவலுக்கு நிற்கும் சிப்பாய், வேலையில் இருக்கிற ஆள் என்று நினைக்க வேண்டுமே.

கங்காணி வேலைக்கு அடி போடுகிறார் என்றது ஆபீஸ். கமலவேணிமேல் கண் என்றது தெரு. இந்தக் கமலவேணி என் பக்கத்து வீட்டுக்காரி. மலாக்காச் செட்டி வம்சம். பேர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மலாய். புருஷனை சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லார் வீட்டுக் குழிக்கும் வாரம் ஒருமுறை வருகிறவர், அவள் வீட்டுக் குழிக்கு மட்டும் தினமும் வந்தார். அவளோ அவரைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் தினமும் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் சாலையோரத்து எல்லைக்கல்லைக் காட்டினார்.

"அதுவரைக்கும்தான் ஐயா ரோடு. அந்தாண்ட வீட்டுக்காரங்க இடம், எண்ணெய் அடிக்கக்கூடாது. இந்தக் குழி வெட்டின புதுசுல அந்தம்மா வந்து ஒரு குவளை எண்ணெய் கேட்டுச்சு. கடைசியா அரை டப்பா மிச்சம் இருந்துச்சு. கல்லுக்கு அந்தாண்ட நம்ம வேலை இல்லம்மான்னுட்டேன்."

டப்பாவின் பட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரெண்டு புள்ளைங்க. ஒரே வாரத்துல காச்சல்ல போயிருச்சுங்க."

"அந்த எண்ணெய்?"

"லோங்காங்குல அடிச்சேன். சட்டப்படி. அன்னிக்கு நல்ல மழை. எல்லாம் கடலுக்குப் போயிருச்சு."

அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கமலவேணிக்கு மீதி இருந்தது ஒரு பெண் குழந்தை. பட்டினியில் முழங்கால் மட்டும் பெரிதாகி, தொடை குச்சியாகிவிட்ட குழந்தை. ஒரு காலையில் மாணிக்கவாசகம் குனிந்து பார்த்தபோது அந்த வீட்டுக் குழியில் மீன் ஒன்றுகூட இல்லை. புழுதான் துள்ளியது. கதவு திறந்தது.

"சூடா மாக்கான், பாங்" என்றாள் கமலவேணி. மீனைச் சாப்பிட்டாயிற்று அண்ணே, என்று அர்த்தம். இரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அந்த மீனைப் பிடித்த அன்று லோரிக்காரர்கள் துரத்தி, கழுத்துவரை சேற்றில் மறைந்து கிடந்து தப்பி வந்திருந்தார். அவருக்கே இப்போது காய்ச்சல், பல் தந்தியடித்தது. காலி டப்பாவை மாட்டிக்கொண்டு புக்கிட் ரம்பாய்ப் பக்கம் நடந்தார். இந்தத் தடவை திரும்பமாட்டார் என்றே இருந்தேன்.

மறுநாள் காலை வந்துவிட்டார், இரண்டு டின்களோடு. ஒன்றைக் குழியில் கவிழ்த்தார். மற்றதை, குழந்தையின் சாப்பாட்டுக்கென்று, வாழையிலையில் கொட்டிச் சுருட்டி, எல்லைக்கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

கமலவேணி வந்து இலையைப் பிரித்தாள். நாலைந்து குஞ்சுகள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. அவள் உள்ளே திரும்பித் தன் பெண்ணைப் பார்த்தாள். பிறகு உயிருள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப்போய்க் குழியில் விட்டாள்.

மாணிக்கவாசகம் நடுங்கிக்கொண்டே குழியோரம் போய்க் குத்துக்காலிட்டார். வேட்டித் துண்டைத் தண்ணீரில் ஓட்டி, எது எதுவென்று பார்க்காமல் நாலைந்து மீனை அரித்தெடுத்து, அவள் கையிலிருந்த இலையிலேயே திரும்பப் போட்டார்.